அயர்லாந்து பஞ்சத்தின் குற்றவாளியைப் பிடித்தவர்: யார் இந்த ஆன்டன் டி பாரி? டிஎன்ஏ லேப்கள் இன்றும் அவரை விடாதது ஏன்?

லண்டன் க்யூ தாவரவியல் பூங்காவின் காப்பகத்தில் சில காய்ந்த உருளைக்கிழங்கு இலைகள் இருக்கின்றன. 1840களில் பறித்து, காகிதத்தில் ஒட்டி, தேதி எழுதி வைத்தவை. பழுப்பேறிப் போன, கைபட்டால் நொறுங்கும் இலைகள். 2013இல் விஞ்ஞானிகள் அவற்றிலிருந்து துளியூண்டு கிள்ளி எடுத்து, உள்ளே இருந்த டிஎன்ஏவைப் படித்தார்கள். சுமார் 10 லட்சம் பேர் இறந்த ஒரு பஞ்சத்துக்குக் காரணமான கிருமியின் டிஎன்ஏ அது.

ஆனால் அந்தக் கிருமிதான் குற்றவாளி என்று நமக்கு எப்படித் தெரியும்? டிஎன்ஏ என்ற வார்த்தையே இல்லாத காலத்தில், ஒரு மைக்ரோஸ்கோப்பையும் சில தொட்டிச் செடிகளையும் வைத்து அதை நிரூபித்தவர் ஒருவர். ஆன்டன் டி பாரி. தாவர நோயியலின் தந்தை என்று அக்ரி காலேஜ் பாடப் புத்தகங்களில் வருபவர். அவரைப் பற்றியும், அவர் கேட்ட கேள்வி இன்றைய டிஎன்ஏ லேப்களில் எப்படித் தொடர்கிறது என்பதையும் பார்ப்போம்.

1845இல் என்ன நடந்தது?

அயர்லாந்தின் ஏழைகளுக்கு அப்போது உருளைக்கிழங்குதான் சோறு. சுமார் 30 லட்சம் பேர் கிட்டத்தட்ட அதை மட்டுமே நம்பி வாழ்ந்தார்கள். பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகம். கொஞ்சம் நிலத்தில் நிறைய விளையும் என்பதால் எல்லோரும் அதையே போட்டார்கள்.

1845 கோடையில் பெல்ஜியத்தில் உருளைக்கிழங்குச் செடிகள் கருகத் தொடங்கின. செப்டம்பரில் நோய் அயர்லாந்துக்கு வந்துவிட்டது. இலையில் கரும்புள்ளி, அடியில் வெள்ளையாகப் பூத்த மாதிரி ஒரு படலம். சில நாட்களில் மொத்த வயலும் கருப்பாகி நாற்றம் எடுக்கும். தோண்டினால் கிழங்கும் அழுகியிருக்கும். நல்லதாகத் தெரிந்த கிழங்கைச் சேமித்து வைத்தாலும் சில வாரங்களில் குழைந்து போகும். அடுத்த வருஷம் இன்னும் மோசம்.

1852 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். குறைந்தது இன்னொரு 10 லட்சம் பேர் நாட்டை விட்டே போனார்கள். இதற்கு நோய் மட்டும் காரணமில்லை. நிலவுடைமை முறை, பிரிட்டிஷ் அரசின் மெத்தனம், பஞ்சக் காலத்திலும் நடந்த தானிய ஏற்றுமதி என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தக் கரும்புள்ளி.

அப்போ மக்கள் என்ன நினைத்தார்கள்?

காரணம் என்று என்னென்னவோ சொன்னார்கள். அதிக மழை. கெட்ட காற்று. கடவுளின் தண்டனை. புதிதாக ஓடத் தொடங்கிய ரயில் எஞ்சின்கள் காற்றில் விடும் மின்சாரம் என்றுகூட ஒரு கட்சி இருந்தது.

இலைக்கு அடியில் இருந்த வெள்ளைப் படலம் பூஞ்சை என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரியும். பிரான்ஸில் கமில் மொன்டாஞ் அதற்கு 1845லேயே பெயர் வைத்துவிட்டார். நோய்க்குக் காரணம் அதுதான் என்று இங்கிலாந்தைச் சேர்ந்த மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார் 1846இல் எழுதினார். பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை. செடி முதலில் அழுகுது, அழுகின இடத்தில் பூஞ்சை தானாக உண்டாகுது. இதுதான் அன்றைய பொதுக் கருத்து. பழைய சோற்றில் பூசணம் பூக்கிற மாதிரி, பூஞ்சை என்பது நோயின் விளைவு, காரணம் இல்லை.

இது வெறும் வாதம் இல்லை. பூஞ்சை விளைவுதான் என்றால் அதை அழித்துப் பயனில்லை. காரணம் என்றால், தடுக்க ஒரு வழி இருக்கலாம். விவசாயி என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

ஹைன்ரிஷ் ஆன்டன் டி பாரி 1831 ஜனவரி 26 அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். அப்பா டாக்டர். வீட்டில் மொத்தம் பத்துப் பிள்ளைகள். பள்ளி நாட்களிலேயே செடி, பாசி, பூஞ்சை சேகரிக்கும் பழக்கம். அதே ஊரில் இருந்த மருத்துவரும் தாவரவியலாளருமான கேயோர்க் ஃபிரெசீனியுஸ், அந்த ஆர்வத்துக்கு மைக்ரோஸ்கோப்பைக் காட்டிவிட்டார்.

வீட்டு வழக்கப்படி மருத்துவம் படித்தார். ஹைடல்பர்க், மார்பர்க், பிறகு பெர்லின். 1853இல் பட்டம். ஆனால் மனசு எங்கே இருந்தது என்பதற்கு அவருடைய ஆய்வேடே சாட்சி. மருத்துவப் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, தாவரங்களின் இனப்பெருக்கம். நம்ம ஊரில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு வேறு பக்கம் போகிறவர்களைப் பார்த்து உறவினர்கள் தலையில் அடித்துக்கொள்வதை யோசித்துப் பாருங்கள்.

அதே 1853இல், 22 வயதில், தானியங்களைத் தாக்கும் கரிப்பூட்டை, துரு நோய்ப் பூஞ்சைகள் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். பூஞ்சைகள் செடியின் அழுகலில் தானாக உண்டாவதில்லை. அவை தனி உயிர்கள். வெளியிலிருந்து செடிக்குள் நுழைகின்றன என்பதுதான் அதன் சாரம். ஃபிராங்க்ஃபர்ட்டில் கொஞ்ச காலம் டாக்டராக இருந்து பார்த்தார். சரிவரவில்லை. 1854இல் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆசிரியரானார். 1855இல் ஃப்ரைபர்க்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இவருக்கு முன்னாடியே, 1807இல், பெனடிக்ட் ப்ரெவோ என்ற சுவிஸ் நாட்டவர் கோதுமையின் ஒரு நோய்க்குப் பூஞ்சைதான் காரணம் என்று சோதனை செய்து காட்டியிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. சரியான பதில் சொன்னால் மட்டும் போதாது, மறுக்க முடியாதபடி காட்டவும் வேண்டும். டி பாரி செய்தது அதைத்தான்.

1861: தொட்டிச் செடியில் நடந்த விசாரணை

சோதனை கேட்க எளிமையானது. ஆரோக்கியமான உருளைக்கிழங்குச் செடிகளை எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரே மாதிரி குளிர்ச்சியான, ஈரமான இடத்தில் வைத்தார். சில செடிகளின் இலைமேல் மட்டும் அந்த வெள்ளைப் படலத்தின் வித்துகளைப் போட்டார். மற்றவற்றை விட்டுவிட்டார்.

வித்து போட்ட செடிகள் கருகின. மற்றவை நன்றாகவே இருந்தன. ஈரம் இரண்டுக்கும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். வித்து மட்டும்தான் வித்தியாசம். அப்போ மழையோ காற்றோ நோயைக் கொடுக்கவில்லை. வித்துக்கு வழிதான் விட்டது.

இதோடு அவர் நிற்கவில்லை. மைக்ரோஸ்கோப்பில் மணிக்கணக்காகப் பார்த்து, அந்த வித்து என்ன செய்கிறது என்பதைக் கட்டம் கட்டமாகப் பதிவு செய்தார். இலைமேல் இருக்கும் நீர்த்துளியில் ஒரு வித்துப்பை விழுகிறது. குளிராக இருந்தால் அது உடைந்து, உள்ளிருந்து நீந்தும் சிறு வித்துகள் வெளியே வருகின்றன. கொஞ்ச நேரம் நீந்தி, ஓரிடத்தில் ஒட்டி, குழாய் மாதிரி ஒன்றை நீட்டி இலையைத் துளைத்து உள்ளே போகின்றன. மழையோடு மண்ணுக்குள் இறங்குபவை கிழங்கைத் தாக்குகின்றன. நோயுள்ள கிழங்கை அடுத்த பருவத்தில் விதையாகப் போட்டால், அதிலிருந்தே நோய் மறுபடி கிளம்புகிறது.

குளிர்ந்த ஈரமான கோடையில் ஏன் நோய் பரவியது, நல்ல கிழங்கு ஏன் கிடங்கில் அழுகியது, அடுத்த வருஷம் ஏன் திரும்பி வந்தது என எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே பதில். 1861இல் இதை வெளியிட்டார். அப்போது அவருக்கு 30 வயது. நுண்ணுயிர்தான் நோய்க்குக் காரணம் என்று ராபர்ட் காக் ஆந்த்ராக்ஸை வைத்து நிரூபித்தது 1876இல். அதற்கு 15 வருஷம் முன்பே ஒரு செடி நோய்க்கு டி பாரி அதைச் செய்து காட்டிவிட்டார்.

அயர்லாந்துக்கு இது ரொம்பத் தாமதம். பஞ்சம் ஓய்ந்து கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆகியிருந்தது.

ஒரே பூஞ்சை, இரண்டு வீடு

அடுத்து கோதுமைத் துரு. கோதுமைத் தண்டில் கோடையில் செம்பழுப்பாக ஒரு பொடி, பின்னாடி அதே தண்டில் கருப்பாக இன்னொரு பொடி. பார்பெரி என்ற முள்புதரின் இலையில் மஞ்சளாகக் குட்டிக் கிண்ணங்கள் மாதிரி வேறொன்று. இவற்றை வெவ்வேறு பூஞ்சைகள் என நினைத்து விஞ்ஞானிகள் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள்.

விவசாயிகளுக்கோ ரொம்ப நாளாகவே சந்தேகம். பார்பெரி புதர் இருக்கும் வயலில்தான் துரு அதிகம் வருது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1726லேயே பார்பெரியை வெட்டச் சட்டம் போட்டார்கள். படித்தவர்கள் பலர் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள்.

டி பாரி 1865 வாக்கில் விவசாயிகள் பக்கம் நின்றார், ஆதாரத்தோடு. வைக்கோலில் குளிர்காலத்தைக் கழித்த கருப்பு வித்தை முளைக்க வைத்து, பார்பெரி இலையில் விட்டார். மஞ்சள் கிண்ணங்கள் வந்தன. அந்தக் கிண்ணத்தின் வித்துகளைத் தானியப் பயிரில் விட்டார். துரு வந்தது. எல்லாம் ஒரே பூஞ்சை. வருஷத்தில் பாதி ஒரு செடியில், மீதி வேறொரு செடியில் குடியிருக்கிறது. 1918இல் அமெரிக்கா பார்பெரி புதர்களை அழிக்கக் கிளம்பியதற்கு அடிப்படை இந்தக் கண்டுபிடிப்புதான்.

இதில் இன்றைக்கும் பொருந்தும் பாடம் ஒன்று இருக்கிறது. பூஞ்சையின் தோற்றத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ஒரே பூஞ்சை வேறு வேறு உருவத்தில் வரும். வேறு வேறு பூஞ்சைகள் ஒரே உருவத்தில் வரும்.

தங்கப் பதக்கம் வாங்கிய தப்பு

1870களில் இங்கிலாந்தின் ராயல் வேளாண் சங்கம் டி பாரியிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. உருளைக்கிழங்குக் கிருமி குளிர்காலத்தை எப்படித் தாண்டுகிறது? அதன் நெருங்கிய உறவுகள் எல்லாம் தடித்த ஓடு கொண்ட ஓய்வு வித்து ஒன்றை உருவாக்கும். இதற்கு மட்டும் அது கிடைக்கவில்லை.

அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே, 1875இல், வொர்திங்டன் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் அதைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். பெரிய செய்தி. அவருக்குத் தங்கப் பதக்கமும் கிடைத்தது.

டி பாரிக்கு ஒத்துப்போகவில்லை. அழுகிய இலையில் ஒரு கிருமி மட்டும் இருக்காது. அழுகலைத் தின்ன வந்த வேறு பலவும் இருக்கும். ஸ்மித் பார்த்தது அப்படி வந்த வேறு உயிர்களின் வித்து என்று 1876இல் எழுதினார். அதே கட்டுரையில்தான் உருளைக்கிழங்குக் கிருமிக்கு ஃபைட்டோப்தோரா என்ற பெயரையும் கொடுத்தார். கிரேக்க மொழியில் செடியை அழிப்பது என்று பொருள். ஃபைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்பதுதான் இன்று வரை அதன் முழுப்பெயர்.

அந்த ஓய்வு வித்து அவருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. ஏன் என்பது 1950களில் மெக்சிகோவில்தான் தெரிந்தது. அந்த வித்து உருவாக இரண்டு வகை ஜோடி சேர வேண்டும். ஏ1, ஏ2 என்று பெயர். மெக்சிகோவில் இரண்டும் இருந்தன. ஐரோப்பாவில் ஏ2 பதிவானது 1980களில்தான். டி பாரி தேடிய வயல்களில் அது இருக்கவே வாய்ப்பு இல்லை. தன்னிடம் இல்லாததை இருப்பதாகச் சொல்லாமல் விட்டாரே, அதுதான் அவருடைய பலம்.

மாணவர்கள், மயில்துத்தம், ஒரு புதுச் சொல்

ஃப்ரைபர்க்கில் இருந்து 1867இல் ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிரான்ஸ்-பிரஷ்யா போருக்குப் பிறகு, 1872இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தை ஜெர்மனி புதிதாக அமைத்தபோது, அதன் முதல் ரெக்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அமைத்த தாவரவியல் பூங்கா அங்கே இன்றும் இருக்கிறது. ரஷ்யா, அமெரிக்கா, பிரான்ஸ் என்று பல நாடுகளிலிருந்து மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நுண்ணுயிரியலின் முன்னோடியான செர்கே வினோகிராட்ஸ்கி அவர்களில் ஒருவர்.

இன்னொருவர் பியர் மில்லார்டே. பிரான்ஸின் போர்டோ பகுதி திராட்சைத் தோட்டங்களில், சாலையோரமாக இருந்த கொடிகள் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராமல் பச்சையாக இருப்பதைக் கவனித்தார். வழிப்போக்கர்கள் பழம் திருடாமல் இருக்க, அவற்றின் மேல் செம்பு உப்புக் கரைசலைத் தெளித்திருந்தார்கள். அதை வைத்து மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை 1885இல் வெளியிட்டார். நம் ஊர் உரக்கடையில் இன்றும் கேட்டால் தெரியும் போர்டோ கலவை அதுதான். திராட்சையின் அந்தக் கிருமி, உருளைக்கிழங்குக் கிருமியின் நெருங்கிய உறவு. அதனால் அதே மருந்து உருளைக்கிழங்குக்கும் கேட்டது. காரணம் தெரிந்து, மருந்து வர 24 வருஷம்.

உருளைக்கிழங்கில் அவர் செய்த மாதிரியான விசாரணை இலங்கை வரை வந்தது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆங்கிலேயர், காபித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த இலைத்துருவை ஆராய அங்கே போனார். வித்தை இலையில் விட்டு நோயை வரவழைத்து, பூஞ்சைதான் காரணம் என்று காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை நட்டதால் காற்றில் வரும் வித்துக்குத் தடையே இல்லை என்றும் சொன்னார். காபியைக் காப்பாற்ற முடியவில்லை. தமிழ் மாவட்டங்களிலிருந்து போன தொழிலாளர்கள் காபித் தோட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு மாறியதன் பின்னணியில் அந்தத் துரு இருக்கிறது.

1879இல் டி பாரி இன்னொரு விஷயமும் செய்தார். பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன் என்பது பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பம். இப்படி வெவ்வேறு உயிர்கள் ஒட்டி வாழ்வதற்கு சிம்பயோசிஸ் என்ற சொல்லைக் கொடுத்தார். பள்ளிப் புத்தகத்தில் கூட்டுயிர் வாழ்க்கை என்று நாம் படித்தது அதைத்தான்.

1888 ஜனவரி 19 அன்று, தாடைக் கட்டிக்குச் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஸ்ட்ராஸ்பர்க்கில் இறந்தார். 57 வயதாக இன்னும் ஒரு வாரம் இருந்தது.

சரி, இப்போ லேப்ல எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

இன்று ஒரு நோயுற்ற இலை லேபுக்கு வந்தால், பூஞ்சையை வளர்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதோடு டிஎன்ஏ சோதனையும் செய்யலாம். சுருக்கமாக இப்படி:

1. இலையிலிருந்து அல்லது வளர்த்த பூஞ்சையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பார்கள்.

2. மொத்தத்தையும் படிக்கத் தேவையில்லை. ஐடிஎஸ் என்ற ஒரு சின்னப் பகுதியை மட்டும் பிசிஆர் முறையில் பல கோடி நகல் எடுப்பார்கள். கொரோனா காலத்தில் கேட்ட அதே பிசிஆர்தான். ஐடிஎஸ் பகுதி பொதுவாகச் சில நூறு எழுத்து நீளம் இருக்கும். பூஞ்சைகளுக்கான பொது பார்கோடாக 2012இல் முன்மொழியப்பட்டது இதுதான்.

3. அந்த எழுத்து வரிசையைப் படித்து, ஆன்லைன் டேட்டாபேஸில் இருக்கும் வரிசைகளோடு ஒப்பிடுவார்கள். எது அதிகம் பொருந்துகிறதோ, அந்தப் பெயர் திரையில் வரும்.

கேட்க ரொம்ப ஈஸி. சிக்கல் மூன்றாவது படியில் இருக்கிறது.

உங்க போனில் தெரியாத நம்பரிலிருந்து கால் வந்தால் ஆப் ஒரு பெயரைக் காட்டும். அது அரசு கொடுத்த பெயர் இல்லை. யாரோ சேவ் பண்ணின பெயர். அவர் தப்பாக சேவ் பண்ணியிருந்தால், நமக்கும் தப்பாகத்தான் காட்டும். டிஎன்ஏ டேட்டாபேஸிலும் அதே கதை. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் வரிசைகளைப் பதிவேற்றுகிறார்கள். அந்தப் பூஞ்சைக்கு அவர்கள் வைத்த பெயர் சரிதானா என்பது எல்லா நேரமும் சரிபார்க்கப்படுவதில்லை. பொது டேட்டாபேஸில் உள்ள பூஞ்சை வரிசைகளில் சுமார் 20 சதவீதத்தின் பெயர் தவறாக இருக்கலாம் என்று 2006இல் ஓர் ஆய்வு கணித்தது. ஒரு தப்பான பெயரோடு பொருந்தினால், அடுத்தவரும் அதே பெயரில் பதிவேற்றுவார். தப்பு பெருகும்.

ரெஃபரன்ஸ் வரிசை என்றால் என்ன?

இதற்கு மருந்துதான் ரெஃபரன்ஸ் வரிசை. ஒரு இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது, எந்த மாதிரியைப் பார்த்துப் பெயர் வைத்தார்களோ, அதை டைப் மாதிரி என்பார்கள். அந்த இனத்தின் ஒரிஜினல் பத்திரம் மாதிரி. அது காப்பகத்தில் பத்திரமாக இருக்கும். அந்த மாதிரியிலிருந்தே எடுத்த டிஎன்ஏ வரிசைக்குத்தான் அதிக மதிப்பு. பழைய மாதிரி தொலைந்துவிட்டாலோ, பயன்படாமல் போனாலோ, விதிகளின்படி அதற்குப் பதிலாக ஒன்றை நிபுணர்கள் நியமிக்கலாம்.

நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம், கரும்பின் செவ்வழுகல் நோய். அதை உண்டாக்கும் கோலிட்டோட்ரைக்கம் ஃபால்கேட்டம் என்ற பூஞ்சைக்கு 1893லேயே பெயர் வந்துவிட்டது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க முறையான மாதிரி 2010இல்தான் புதிதாக நியமிக்கப்பட்டது. 117 வருஷம்.

டி பாரி ஆரம்பித்து வைத்த இன்னொரு குழப்பத்தீர்வும் சமீபத்தில்தான் முடிந்தது. ஒரே பூஞ்சையின் வெவ்வேறு உருவங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைக்கும் வழக்கம் அவருக்குப் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் நீடித்தது. 2011இல் மெல்போர்னில் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில்தான் ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று விதியை மாற்றினார்கள். உருவம் மாறினாலும் டிஎன்ஏ மாறாது என்பதால் அது சாத்தியமானது.

டிஎன்ஏ சொன்ன இரண்டு ஆச்சரியங்கள்

முதலாவது, டி பாரியின் உருளைக்கிழங்குக் கிருமி பூஞ்சையே இல்லை! பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும், டிஎன்ஏ ஒப்பீட்டில் அதன் சொந்தக்காரர்கள் பழுப்புக் கடற்பாசிகளும் டயாட்டம்களும்தான். ஊமைசீட்ஸ் என்ற தனிக் கூட்டம். பேச்சுவழக்கில் இன்னும் பூஞ்சை நோய் என்கிறோம், ஆனால் அதன் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது. அதனால் பூஞ்சைகளுக்கென்றே செய்த சில மருந்துகள் இதை ஒன்றும் செய்யாது.

இரண்டாவது, தொடக்கத்தில் சொன்ன க்யூ இலைகள். பஞ்சத்துக்குக் காரணம் யுஎஸ்-1 என்ற வகை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2013 ஆய்வில் க்யூ, மியூனிக் காப்பகங்களின் 11 மாதிரிகளைப் படித்தபோது, அது வேறு வகை என்று தெரிந்தது. அதற்கு ஹெர்ப்-1 என்று பெயர் வைத்தார்கள். யாரோ ஒருவர் 1840களில் ஒரு நோய் இலையைப் பறித்து, ஊரும் தேதியும் எழுதி வைத்ததால்தான் இது முடிந்தது.

அப்போ டிஎன்ஏ மட்டும் போதுமா?

போதாது. ஐடிஎஸ் பகுதி நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டாது. உதாரணமாக, வாழையின் வாடல் நோய்க்குக் காரணமான ஃபியூசேரியத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. வேறு மரபணுக்களையும் படிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. ஒரு கருகிய இலையில் ஒரு பூஞ்சையின் டிஎன்ஏ இருக்கிறது என்றால், அது அங்கே இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம். நோயைக் கொடுத்ததா, அழுகலைத் தின்ன வந்ததா என்பதை வரிசை சொல்லாது. வொர்திங்டன் ஸ்மித்துக்கு நடந்தது டிஎன்ஏ மெஷின் வைத்திருப்பவருக்கும் நடக்கும். புதுக் கிருமி என்றால், அதை ஆரோக்கியமான செடியில் விட்டு நோய் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். 1861இல் டி பாரி செய்த அதே வேலை.

நமக்கு இதனால் என்ன?

2016இல் வங்கதேசத்தில் கோதுமைக் கதிர்கள் திடீரென வெளுத்தன. ஆசியாவில் அதுவரை பார்த்திராத நோய். வயலில் எடுத்த மாதிரிகளின் மரபணு வரிசைகளை உலகெங்கும் இருந்த வரிசைகளோடு ஒப்பிட்டதில், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை பிளாஸ்ட் என்று அதே வருஷம் தெரிந்தது. ஒப்பிடத் தென் அமெரிக்க வரிசைகள் முன்னாடியே இல்லாமல் இருந்திருந்தால், இவ்வளவு சீக்கிரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்க முடியாது.

நம் பக்கமும் கதை இருக்கிறது. அயர்லாந்தை அழித்த அந்த நோய் இந்தியாவில் முதலில் பதிவானது 1870-80 வாக்கில், நீலகிரியில். இன்றும் ஊட்டி உருளைக்கிழங்கு விவசாயிக்குப் பனியும் தூறலும் சேர்ந்தால் பயம்தான். தென்னிந்தியாவில் தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் நோய் கடுமையாக வந்தபோது, மரபணுச் சோதனையில் தெரிந்த பெயர் 13-ஏ2. ஐரோப்பாவில் பரவிய வகை. வழக்கமாக அடிக்கும் மெட்டலாக்ஸில் மருந்து அதற்குக் கேட்காது.

இங்கேதான் பெயரின் மதிப்பு தெரியும். எந்த வகை என்று தெரியாத விவசாயி அதே மருந்தை இன்னொரு தடவை அடிப்பார், பிறகு அளவைக் கூட்டி அடிப்பார். கடன் ஏறும், செடி கருகும். சரியான பெயர் சீக்கிரம் தெரிந்தால் மருந்தை மாற்றலாம், நல்ல விதைக்கிழங்கு தேடலாம், பக்கத்து ஊரை உஷார்படுத்தலாம்.

உங்க வீட்டில் விவசாயம் இருந்தால் ஒரு சின்ன விஷயம் செய்யலாம். பயிரில் புதிதாக ஏதாவது தெரிந்தால், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னாடி, நோய் தொடங்கிய நிலையில் இருக்கும் இலைகள் சிலவற்றைக் காகித உறையில் போட்டு, ஊர், தேதி, பயிர், ரகம் எழுதி, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலோ கொடுங்கள். முழுக்க அழுகிய இலை வேண்டாம். அதில் பின்னாடி வந்த கிருமிகள்தான் அதிகம் இருக்கும்.